அக்காவிடம் இருந்த பன்னிரண்டு வருடங்கள்

நீலகிரியில் குளிரும் என்று எல்லாரும் எச்சரித்தார்கள். அட்டனில் பிறந்து, அங்கேயே மழையிலும் பனியிலும் அறுபது வருடம் கிடந்தவளுக்கு இது என்ன புதிதா என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கம்பளிச் சட்டையோடு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தேன். குன்னூரில் முதல் நாள் காலையிலேயே சந்தைக்குப் போய் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்க் குளிர் ஈரமானது, துணிக்குள் மெதுவாக இறங்கும். இங்குள்ள குளிர் வெயில் அடிக்கும்போதே காதைப் பிடித்துத் திருகுகிறது.

கடைக்காரர் நான் வாய் திறந்ததும் சிலோனா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். அவர் மனைவியின் குடும்பமும் அங்கிருந்து வந்ததுதானாம். யாரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். கணவரின் அக்காவை என்றேன். கணவர் வரவில்லையா என்று அடுத்ததாகக் கேட்டார். இறந்து ஏழு மாதம் ஆகிறது என்றேன். அவர் சட்டையை மடித்துப் பையில் போட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாக இருந்தது. ஏழு மாதமாக எல்லாரும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

என் கணவர் சிவலிங்கம் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருக்கு ஒரே ஒரு அக்கா, செல்லம்மா, பத்து வயது மூத்தவர். தோட்டத்து ஜனங்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்ட காலத்தில், அக்கா புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். பன்னிரண்டு வயதுத் தம்பி அம்மாவோடு இலங்கையில் தங்கிப்போனான். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவே இல்லை. முதலில் கடிதம், பிறகு தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவராகவும் சொன்னதில்லை.

அவர் இறந்த செய்தியைக் கனடாவில் இருக்கும் என் மகள்தான் அக்காவுக்குச் சொன்னாள். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவருடைய போன் அடித்தது. திரையில் ‘அக்கா’ என்று இருந்தது. நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் போனுக்குச் சார்ஜ் போடுவேன், ஞாயிற்றுக்கிழமை அது அடித்து ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எடுக்க மட்டும் கை போகாது.

காரணம் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு அவர் அக்காவைப் பார்க்கக் கிளம்பினார். விசா வந்துவிட்டது, பெட்டிகூட அடுக்கியாகிவிட்டது. நான்தான் தடுத்தேன். மகள் கனடா போகிற நேரம், அவள் போகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பெட்டியைத் திறந்து துணிகளை நானே அலமாரியில் திரும்ப அடுக்கினேன். அடுத்த வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதை அக்காவிடம் போனில் எப்படிச் சொல்வது? ஒருநாள், நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்பேன்.

கடிதங்களில் இருந்த குன்னூர் முகவரி சுலபமாகக் கிடைத்தது. மேட்டுத் தெருவில் பச்சைக் கேட், ஓட்டுக்கூரை, வாசலில் நீலப் பூச்செடிகள். அக்கா அனுப்பிய புகைப்படத்தில் பார்த்த அதே வீடு. அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்கும் படம் எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறது. எங்கக்கா சொந்த வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள் என்று டிப்போக்காரர்களிடம் அவர் சொல்லாத நாளில்லை.

கதவைத் திறந்தவர் ஒரு வயதான மனிதர். பெயர் ஆல்பர்ட். வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்லம்மா அக்காவைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். தானே தேநீர் போட்டு, ஒரு தட்டில் வர்க்கி பிஸ்கட்டும் வைத்தார். வர்க்கி வாயில் வைத்ததும் பொடிந்து உதிர்கிறது. எங்கள் ஊரில் பணிஸ் என்கிற பன்னைப்போல் மெல்ல வேண்டியதில்லை. நான் மடியில் விழுந்த தூளைத் தட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் மெதுவாகச் சொன்னார்.

“அவங்க இங்க சமையல் வேலை பாத்தாங்கம்மா. ஒம்பது வருஷம். முழங்கால் முடியாமப் போய் நின்னுட்டாங்க. இப்ப கோத்தகிரிப் பக்கம் மக கூட எஸ்டேட் லைன்ல இருக்காங்க.”

தேநீரைக் கீழே வைத்தேன். அந்தப் புகைப்படத்தைப் பற்றிக் கேட்டேன். அதை எடுத்ததே தான்தான் என்றார். ஒருநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, இந்தக் கேட் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துத் தரக் கேட்டாராம். தம்பியின் கடிதங்கள் இந்த முகவரிக்கு வரலாமா என்றும் கேட்டாராம். எதற்கென்று அவர் விசாரிக்கவில்லை. தம்பியைப் பற்றிப் பேசாமல் அக்கா ஒரு நாளும் அடுப்புப் பற்றவைத்ததில்லை என்றார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, “நீங்களா எதும் கேக்காதீங்கம்மா. அவங்களே சொல்லட்டும்,” என்றார்.

மறுநாள் கோத்தகிரிப் பக்கம் பஸ் ஏறினேன். ஒரு வளைவில் காட்டெருமைக் கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார். ஹாரன் அடிக்க மாட்டாரா என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன். அடித்தால் அவற்றுக்குக் கோபம் வரும் என்றாள். பின்சீட்டில் இரண்டு பெரியவர்கள் படுக மொழியில் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எனக்கு மொழிபெயர்த்தாள். தன் தோட்டத்துக் காரட்டுக்காகத்தான் இந்தக் கூட்டம் இறங்கி வருகிறது என்கிறாராம் ஒருவர். உன் காரட்டை மாடுகூடத் தின்னாது என்கிறாராம் மற்றவர்.

கூட்டம் விலகியது. பஸ் கிளம்பவில்லை. டிரைவர் சாவியைத் திருப்பத் திருப்ப, எஞ்சின் செருமிச் செருமி அடங்கியது. செல்ஃப் போய்விட்டது, இறங்கித் தள்ளினால் எடுக்கும் என்று சொல்வதற்காக இடதுபக்கம் திரும்பினேன். முப்பத்தாறு வருடப் பழக்கம். அங்கே அந்தப் பெண்தான் இருந்தாள். இந்நேரம் என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கியிருப்பார், ஊர் பேர் தெரியாத பஸ்ஸாக இருந்தாலும். சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டில் எனக்கு அழுகை வராமல் ஏழு மாதம் போயிருந்தது. முன்பின் தெரியாத பஸ்ஸில், காரட் சண்டைக்கு நடுவில் வந்தது. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் என் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு, மிச்சத் தூரம் நடந்துவிடலாம், தானும் அந்தப் பக்கம்தான் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

தேயிலை மலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். செடி ஒன்றுதான். எங்கள் பக்கம் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு விரலால் கொழுந்து கிள்ளுவார்கள். இங்கே கத்தரியால் வெட்டிப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். காடே முடி வெட்டிக்கொள்வதுபோல் சத்தம் கேட்டது. ஆனால் லைன் வீடுகளைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. நாங்கள் லயம் என்று சொல்லும் அதே வரிசை, அதே தகரக் கூரை, வாசலில் அதே தண்ணீர்க் குழாய்.

குழாயடியில் ஒரு முதிய பெண் பலகையில் உட்கார்ந்து கீரை அலசிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு இருந்த அதே அகன்ற நெற்றி. என்னைப் பார்த்தார். என் படத்தைப் போனில் பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

“ஆல்பர்ட் சார் வூட்டுக்குப் போனியா புள்ள?” என்றார். அதுதான் முதல் வார்த்தை.

ஆமாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கீரையை அலசினேன். இரண்டு பேரும் அழவில்லை. கீரை முடிந்ததும் உள்ளே போனோம்.

அக்காவின் மகள் மல்லிகா வேலை முடிந்து வந்தாள். இந்தியாவில் பிறந்தவள். அம்மாவும் மகளும் பேசுவதைக் கேட்டால் இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே அடுப்பில் சமைப்பதுபோல் இருக்கும். அம்மா ‘என்னா செய்ய’ என்பார், மகள் ‘ஏனுங்கம்மா’ என்பாள். என்னை ‘அத்தை’ என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வாசலில் துணி மடிக்கையில் அவளிடம்தான் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுக்காததற்கு என் மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லையா என்று.

“கோவமெல்லாம் இல்லீங்கத்தை. எடுக்க மாட்டீங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமுங்க. மணி அடிச்சா போதும்னு சொல்லும். அடிக்குதுன்னா அங்க யாரோ சார்ஜ் போட்டு வெக்கிறாங்கன்னு அர்த்தமாமுங்க.”

நான் மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தேன்.

அடுத்த நாள் காலை மல்லிகா வேலைக்குப் போன பிறகு, அக்கா எனக்காக ரொட்டி சுட உட்கார்ந்தார். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தட்டிய எங்கள் ஊர் ரொட்டி, அம்மியில் அரைத்த சம்பல். அந்த வாசனை வந்ததும் இனிமேல் ஒத்திப்போட முடியாது என்று தோன்றியது. அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விசா வந்தது, பெட்டி அடுக்கியது, நான் அதைப் பிரித்தது. என்னால்தான் நீங்கள் அவரைப் பார்க்காமல் போனீர்கள் என்று சொல்லி முடித்தேன்.

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

“நீ தடுத்தது ஒரு தடவ. நான் தடுத்தது எத்தன தடவன்னு எனக்கே கணக்கில்ல புள்ள.”

அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. வருகிறேன் வருகிறேன் என்று என் கணவர் வருடாவருடம் கேட்டிருக்கிறார். மல்லிகாவுக்குப் பரீட்சை, மழை, மண்சரிவு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் அக்கா ஒரு சாக்குச் சொல்லியிருக்கிறார். வந்த புதிதில், தம்பி கவலைப்படக் கூடாது என்று ஒரு கடிதத்தில் நல்ல வீட்டில் இருக்கிறேன் என்று எழுதினாராம். அடுத்த கடிதத்தில் அது சொந்த வீடு ஆனது. பிறகு அந்தப் பொய்யிலிருந்து இறங்க வழி தெரியவில்லை.

“அவன் வந்து நின்னா எங்க கூட்டிட்டுப் போவேன்? அங்கயும் லயம், இங்கயும் லயம். இதுக்கா அக்கா நீ என்னய உட்டுட்டுப் போனேன்னு கேட்டுட்டான்னா?”

அவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை என்றேன். “இப்ப தெரியுது,” என்றார். அப்போதுதான் அழுதார். அவர் சேலைத் தலைப்பில் நானும் முகம் துடைத்தேன். இத்தனை நாள் இந்தப் பாரத்தை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மலைக்கு இந்தப் பக்கமும் ஒருத்தர் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். பாரம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். பிடித்துக்கொள்ள இன்னொரு கை கிடைத்தது.

இதற்குள் அடுப்பில் கிடந்த ரொட்டி கருகிவிட்டது. எடுத்து ஓரமாகப் போடப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“குட்டியனுக்கு அதுதானே வேணும். கருகலச் சுரண்டிச் சுரண்டித் திம்பானே.”

குட்டியன் யார் என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் புரிந்தது. முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது. அந்த முப்பத்தாறு வருடமும் நல்ல ரொட்டியை அவருக்கு வைத்துவிட்டு, கருகியதை நான் தின்றேன். எனக்கு அது வேண்டும் என்று அவர் ஒரு நாள்கூட வாய் திறந்து கேட்கவில்லை. இதைச் சொன்னதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் காயாத முகத்தோடு சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மூன்று நாள் நாங்கள் செய்ததெல்லாம் ஒரே வேலைதான். அக்காவிடம் பிறந்தது முதல் பன்னிரண்டு வயதுவரை இருந்தது. என்னிடம் இருபத்தெட்டிலிருந்து அறுபத்து நான்குவரை இருந்தது. மாற்றிக்கொண்டோம். முடி எப்போது நரைத்தது, கண்ணாடி எந்த வயதில் போட்டான், மகள் பிறந்தபோது என்ன செய்தான் என்று அக்கா கேட்பார். நான் சொல்லச் சொல்ல அவர் உதடு அசையும், மனப்பாடம் செய்வதுபோல. பதிலுக்கு அவர் தருவார். அட்டைப்பூச்சிக்குப் பயந்து அக்காவின் முதுகில் ஏறிக்கொண்டே பள்ளிக்கூடம் போன குட்டியன். கங்காணி இருமுவதுபோலவே இருமி, கொழுந்தெடுக்கும் பெண்களை ஓட வைத்த குட்டியன்.

ஒருநாள் மத்தியானம் தேயிலைக்கு நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையில் மெதுவாக நடந்துகொண்டிருந்தோம். அக்கா இந்தியாவுக்குக் கிளம்பிய நாளைப் பற்றிக் கேட்டேன். ஸ்டேஷனுக்கு ஊரே வந்ததாம். தம்பி மட்டும் வரவில்லையாம். காலையிலிருந்தே காணவில்லை. லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு கூப்பிட்டும் இறங்க மறுத்துவிட்டானாம். மரத்தடியில் நின்று அக்கா அண்ணாந்து பார்த்தார். இலைக்குள் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அதுதான் அவர் தம்பியைக் கடைசியாகப் பார்த்தது.

நான் பாதையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் மகள் கனடா போனபோது அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை. அன்றைக்குப் பார்த்து வீட்டுக் கூரையில் ஏறித் தகரம் மாற்றிக்கொண்டிருந்தார். மகள் அழுதுகொண்டே வேன் ஏறினாள். கல்நெஞ்சு என்று நான் திட்டினேன். பிறகும் ஒரு வருடம் அதைச் சொல்லிக் காட்டினேன். அவர் பதில் சொன்னதே இல்லை. அந்த இடத்திலிருந்தே மகளுக்குப் போன் செய்து கொய்யா மரத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே அதிகாலை. முழுக்கக் கேட்டாள். பிறகு, “அப்ப அப்பா வராதது என்னைப் பாக்கப் பிடிக்காததால இல்லையா அம்மா,” என்றாள். இல்லை என்றேன். போனை அக்காவிடம் கொடுத்தேன். அத்தையும் மருமகளும் வெகுநேரம் பேசினார்கள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஒருவர் இறந்துவிட்டால் அவரைப் பற்றி இனிப் புதிதாக எதுவும் வராது என்பதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. இருக்கிற ஞாபகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துத் தேய்த்துத் தேய்த்து, அவையும் மங்கிவிடும் என்று பயந்திருந்தேன். இங்கே வந்து ஒரே வாரத்தில், எனக்குத் தெரியாத ஒரு பையனைச் சந்தித்திருந்தேன். அவன்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. அவனை வைத்து, எனக்குத் தெரிந்த மனிதரையும் இன்னும் கொஞ்சம் புரிந்துகொண்டேன். அவர் செத்துப்போன பிறகும் எங்கள் கல்யாணத்தில் ஒரு சண்டை தீர்ந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள், வருடத் திவசத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, நீங்கள் வர வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். முழங்காலைக் காட்டினார். வயதைச் சொன்னார். மல்லிகாவுக்கு யார் சோறு பொங்குவது என்றார். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “பாத்தியா, மறுபடியும் சாக்குச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து, தகரப் பெட்டியிலிருந்து ஆதார் அட்டையையும், கப்பலேறும்போது கொடுத்த பழைய காகிதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மல்லிகா லீவு போட்டாள். மூன்று பேரும் கோத்தகிரி பஜாரில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றதும், அங்கிருந்த பெண் அக்காவை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் தட்டினாள். பிறந்த இடம் கேட்டாள். அக்கா எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அவள் இரண்டு முறை தப்பாக எழுதினாள். மூன்றாவது முறை நான் எழுத்துக் கூட்டினேன்.

“இத்தன வருஷம் கழிச்சு எங்கீங்கம்மா போறீங்க?” என்று கேட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தம்பி வூட்டுக்கு,” என்றார் அக்கா.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் மல்லிகாவைப் பார்த்தேன், அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனதும் முன்னறையை ஒழித்து அக்காவுக்கு ஒரு கட்டில் போட வேண்டும். ஜன்னலோரமாக, ஏறி இறங்கச் சிரமமில்லாத உயரத்தில்.